கேக் நகரவில்லை

ஆட்டோ வெடுக்கென்று கிளம்பியதும், சீட்டில் இருந்த கேக் பெட்டி சறுக்கிப் போய்ப் பின்பக்கச் சாய்மானத்தில் இடித்தது. ஜொவிட்டா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேக் நகரல, ஜொவி," என்றார் பிலிப். "ஆட்டோதான் முன்னால போச்சு. கேக் இருந்த எடத்துலயே இருக்கப் பார்த்துச்சு."

"அப்ப அந்தச் சத்தம்?"

பிலிப் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துபவர். எது நகர்கிறது என்பது எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று, நிலைமக் குறிப்பாயம் பற்றி ஆரம்பித்துவிட்டால் மணி அடித்தாலும் விடமாட்டார். அன்று அவர் மகள் லிண்டாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் பூசை முடிந்துவிட்டது, மாலையில் விருந்து. கேக்கில் எந்தப் பூ எங்கே வர வேண்டும் என்று லிண்டாவே படம் வரைந்து கொடுத்திருந்தாள். கடைக்காரர்கள் வீட்டிலேயே கொண்டுவந்து தருவதாகத்தான் சொன்னார்கள். "ஒரு பூகூடக் கசங்காம நான் கொண்டு வரேன்" என்று வீறாப்பாகச் சொன்னவர் பிலிப்.

பாண்டி பஜாரில் ஒரு பைக் குறுக்கே வந்தது. வழக்கமாக இவர்களுக்கு வரும் ஆட்டோக்காரர் அமீன் சட்டென்று பிரேக் போட்டார். பெட்டி பாய்ந்து போய் அவர் சீட்டின் முதுகில் மோதியது.

"இப்ப ஆட்டோதான் நின்னுச்சு. கேக் பாவம், தன்பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்துச்சு. ரோட்டுல நிக்கிறவனுக்கு இது புரியும். உள்ள உக்காந்திருக்கிற நமக்குத்தான் யாரோ அதைத் தள்ளிவிட்ட மாதிரி தெரியுது. அதுக்குப் பேரு போலி விசை."

ஜொவிட்டா பெட்டியின் மூலையைத் தொட்டு விரலை நீட்டினாள். வெள்ளைக் கிரீம். "விசை போலி, சரி. இது அசலா இருக்கே."

பிலிப் பெட்டியை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த பிரேக்கில் பெட்டி இம்மியும் அசையவில்லை. உள்ளேயிருந்த கேக்தான் தொப்பென்று அட்டையில் மோதியது.

"அமீன் பாய், நேரா, ஒரே வேகத்துல ஓட்டுங்க. கேக்குக்கு வண்டியில போறதே தெரியாது."

"இன்னா சார், பாண்டி பஜார்ல ஒரே ஸ்பீடா? வண்டிய ஆஃப் பண்ணிட்டு நின்னாதான் அது நடக்கும்."

ஆனாலும் சார் கேட்டுவிட்டாரே என்று அமீன் முயன்று பார்த்தார். பிரேக்கைத் தொடாமல் ஓர் இளநீர் வண்டியைச் சுற்றி வளைத்து ஓட்டினார். அதுவரை தப்பியிருந்த இரண்டு பக்கங்களும் அடி வாங்கின.

"வேகம் அதேதான். திசைதான் மாறிடுச்சு," என்று பிலிப் அமீனுக்கு நற்சான்று கொடுத்தார்.

"லிண்டா கேட்டா இதையெல்லாம் நீங்களே சொல்லிடுங்க," என்றாள் ஜொவிட்டா. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் பிலிப்பைப் பயமுறுத்தியது.

உடனே அவளுடைய துப்பட்டாவை வாங்கி, பெட்டியைத் தொட்டில் போலக் கட்டி மேல் கம்பியில் தொங்கவிட்டார். "வண்டி எப்படி இழுத்தாலும் பெட்டியும் அதுக்கேத்தபடி சாயும். கேக் சறுக்காது."

ஆச்சரியம், அது பலித்தது. தேனாம்பேட்டை சிக்னல் வரை ஒரு சத்தம் இல்லை. பிலிப் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தபோது வேகத்தடை வந்தது. பெட்டி எழும்பிக் கூரையில் முட்டி, இறங்கும்போது ஓரம் பிய்ந்து, அவர் சட்டைக் காலருக்குள் கிரீமை இறக்கியது.

"மேல கீழ போறதை யோசிக்கல," என்றார் பிலிப்.

கோபாலபுரத்தில் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. வெள்ளை கவுனில் லிண்டா மாடியிலிருந்து கையசைத்தாள். நசுங்கிய பெட்டியை அணைத்துக்கொண்டு, இறங்காமலேயே பிலிப் உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கியது. அப்போது கேக் கடையிலிருந்து போன் வந்தது. ஜொவிட்டா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், பேசிக்கிட்டே பக்கத்துப் பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க," என்றாள் கடைப் பெண். "உங்க கேக் வச்ச எடத்துலயே இருக்கு, துளிகூட நகரல. அந்தக் கல்யாணக் கேக்கை மட்டும் ஆடாம அசங்காமத் திருப்பிக் கொண்டாந்துடுங்க, பொண்ணோட அப்பா இங்கதான் நிக்கிறாரு."