முத்துவீரன் தன் காருக்குக் குளிர் கொணர்ந்த படலம்

போற்றுவோம் முத்துவீரனை! கராம்பும் மிளகும் மணக்கும் மாத்தளை மாநகரில், பதினைந்து ஸ்ரீ இலக்கத் தகடு தாங்கிய வெண்ணிறக் காரைப் பதினோராண்டுக் காலம் பிறர் கை படாது செலுத்திய பெருஞ்சாரதியை; மேட்டில் நின்ற வண்டியை ஒருபோதும் பின்னே உருள விடாத திண்தாளனை; தங்கை மகளின் கல்யாணத்தின் பொருட்டுச் சூரியனோடு பகை கொண்ட தாய்மாமனைப் போற்றுவோம்! வெம்மை தணிக்கும் முத்துமாரி அன்னையே, அவன் போர்க்களக் கதையைச் சொல்லி முடிக்கும் வரை எங்கள் நா வறளாதிருக்க அருள்வாயாக!

இரண்டாயிரத்தோராம் ஆண்டின் ஆவணி அது. மழை மறந்து, நீர்த்தேக்கங்கள் தரை காட்டி, தினந்தோறும் மின்சாரம் வெட்டுப்பட்டு, மாத்தளை மாவட்டம் முழுவதும் தோசைக்கல்லெனக் காய்ந்து கிடந்த காலம். அந்நாளில்தான் கலேவெலயில் மளிகைக்கடை வைத்திருந்த மாணிக்கவாசகம், முத்துவீரனின் தங்கை கணவன், மணப்பெண்ணின் தந்தை, மச்சானின் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்தியபடியே போர்முரசு கொட்டினான்.

“மச்சான், கோவிச்சுக்காதீங்க. இந்த வெயில்ல கலேவெலயிலேருந்து ஒங்க கார்ல வந்தா, பொண்ணோட மேக்கப்பு மாத்தளைக் கோயிலுக்கு வர்றதுக்குள்ள கரைஞ்சு கழுத்துல நிக்கும். கண்டியில ஒரு ஏ.சி. வேன் பேசப்போறேன்.”

அம்பு தைத்தது, ஆழத் தைத்தது. அந்தக் காரிலும் ஏ.சி. இருந்தது. அழுத்துவதற்குப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் எரிவதற்கு நீல விளக்கும் இருந்தது. ஆயினும் நான்கு ஆண்டுகளாய் அதன் துவாரங்களினின்றும் வந்தது நெடுந்தூரம் ஓடிக் களைத்த புரவியின் பெருமூச்சு ஒன்றே. மணப்பெண்ணைக் கோயிலுக்கு அழைத்து வருவது தாய்மாமனின் உரிமை. அவ்வுரிமை கண்டியிலிருந்து வரும் வாடகை வேன் ஒன்றுக்குப் போவதா? முத்துவீரன் எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. கூரையின் பல்லி ஓடி ஒளிந்தது. வெடித்தது வஞ்சினம்:

“என் தங்கச்சி மக என் கார்லதான் கோயிலுக்குப் போகும்! ஜில்லுன்னு போகும்! இல்லேன்னா அன்னைக்கிக் கல்யாணப் பந்தியில நான் கை நனைக்க மாட்டேன்!”

“அங்க திங்காட்டி இங்கயும் கெடையாது. அன்னைக்கி நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றாள் அடுக்களையிலிருந்து அவன் இல்லக்கிழத்தி சுந்தரம்மா.

ஞாயிறு கல்யாணம், அன்று திங்கள். ஆறே நாள்.

மறுநாள் விடியலில் வாகனம் கொங்காவெலயில் உள்ள அப்துல் ஸமதின் பட்டறை வாயிலில் நின்றது. ஊரார்க்கெல்லாம் அண்ணன் முறையான ஸமத் நானாவோ குளிர்ப்பெட்டி முதல் குளிர்க்கார் வரை நாடி பிடித்தே நோய் சொல்லும் நல்மருத்துவர். பொனட்டைத் திறந்தார், குழாய்களைத் தடவினார்.

“அண்ணே, இது பழைய கேஸுக்குச் செஞ்ச சாமான். அந்தக் கேஸ் இப்ப தேடிக் கெடைக்காது. ஆகாசத்துலயே ஓட்ட போடுதாம், அதால நிப்பாட்டிக்கிட்டு வாராங்க. புதுக் கேஸுக்கு மாத்தோணும். எண்ணெய், டிரையர், ரப்பர் வளையம் அவ்வளவும் மாத்தோணும். பழைய எண்ணெய் புதுக் கேஸோட சேராது.”

தன் ஒற்றைக் கார் கொங்காவெலயில் நின்றவாறே விண்ணைத் துளைக்க வல்லது என்று கேட்ட முத்துவீரன் முதலில் நெஞ்சு நிமிர்ந்தான், பின்னரே வருந்தினான்.

தொடங்கிற்று பெரும்போர். மிச்சமிருந்த பழைய வாயு ஒரு சிலிண்டருக்குள் சிறைப்பட்டது. மண்டிக் கிடந்த பழைய எண்ணெய், தோற்ற அரசனின் படையெனக் கறுத்துச் சிறுத்து வெளியேறியது. செவ்வாய் போய்ப் புதனும் சாய்வதற்குள், கறுத்து வெடித்த பதினொரு ரப்பர் வளையங்கள் வீழ்ந்துபட, அவற்றின் அரியணைகளில் பதினொரு பச்சை வளையங்கள் முடிசூடின. பன்னிரண்டாவதன் மேல் நானா ஸ்பானரை வைத்த அக்கணமே, வீரர்களை வீழ்த்தும் விதி முத்துவீரனின் நாவில் வந்து குந்தியது.

“இது நல்லாத்தானே இருக்கு நானா? நல்லா இருக்கறத ஏன் கழட்டணும்?”

“ஒங்க கார், ஒங்க இஷ்டம்” என்றார் நானா.

வியாழனன்று, குழாய்க்குள் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கும் பம்பு முழங்கியது. அழுத்தமானியின் முள் பாதாளம் நோக்கி இறங்கியது. பம்பை நிறுத்தியதுமோ, ஐயகோ, இறங்கிய முள் மெல்ல மெல்ல ஏறத் தலைப்பட்டது! எங்கோ ஓர் ஊசிமுனை ஓட்டை வழியே மாத்தளையின் காற்று களவாக உள்ளே புகுந்துகொண்டிருந்தது. நானா நைதரசன் வாயுவை உள்ளே ஏற்றினார். முத்துவீரன் தன் சவரத் தூரிகையை ஏந்தி, சவர்க்கார நுரையைக் குழாய் இணைப்புகள் தோறும் பூசினான். பதினொரு பச்சை வளையங்களும் பழுதற்று நின்றன. பன்னிரண்டாவது இடத்திலோ ஒரு குமிழி அரும்பியது, வளர்ந்தது, வானவில் பூண்டு முத்துவீரனின் முகத்தையே தன்னுள் தலைகீழாய்க் காட்டியது, ‘பட்’டென்று வெடித்தது. நானா ஸ்பானரை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அப்படித் துடைப்பதைவிட அவர் அதனால் நாலு போடு போட்டிருக்கலாம் என்று தோன்றிற்று நம் தலைவனுக்கு.

“கழட்டுங்க நானா” என்றான், தலை கவிழ்ந்து.

கழற்றினால் அந்த அளவில் மாற்று வளையம் இல்லை. இருந்தால் பிஸ்கட் டின்னில் இருக்கும் என்றார் நானா. அந்த டின்னோ பட்டறையின் ஆதிகாலந்தொட்டு ஆணியும் நட்டும் துருவும் திரண்ட ஆழ்கடல். வெள்ளிக்கிழமை முழுவதும் முத்துவீரன் அதனுள் முக்குளித்தான். பிறந்த வண்டியை மறந்த திருகாணிகளைக் கண்டான். பூட்டற்ற சாவிகளைக் கண்டான். நானாவின் மூத்த மகளின் தொலைந்த கொலுசுத் திருகைக் கூடக் கண்டான். அந்தி சாய்கையில் அடியாழத்தினின்றும் அவன் விரல்நுனியில் ஒட்டி எழுந்தது, மரகதமெனத் துலங்கிய ஒற்றைப் பச்சை வளையம்!

சனிக்கிழமை பம்பு மறுபடி முழங்கியது. முள் இறங்கியது. பத்தே நிமிடத்தில் பட்டறை இருண்டது. மின்வெட்டு!

“வால்வப் பூட்டுங்க அண்ணே! வால்வு!”

பாய்ந்தான் முத்துவீரன். பாய்ந்தவனின் இடுப்புச் சாரம் பட்டரி முனையில் சிக்கிக் கிழிந்து பின்னிழுக்க, மானத்தை இடக்கையாலும் வால்வை வலக்கையாலும் ஏககாலத்தில் காத்து, திருகி, பூட்டி, உறைந்து நின்றான்.

“இனிக் கைய எடுக்கலாம் அண்ணே. அது தானா நிக்கும்” என்றார் நானா.

அவன் எடுக்கவில்லை. கரன்ட் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் மானியின் முள் மயிரிழையும் அசையவில்லை. எங்கும் கசிவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ! பகைவனாய் வந்த மின்வெட்டே பரிசோதகனாகிச் சாட்சி சொல்லிப் போயிற்று. பின்னும் முக்கால் மணி பம்பு ஓடியது, புது எண்ணெய் கலந்த குழாய்களுக்குள் புது வாயு சீறிப் பாய்ந்தது, எஞ்சின் உறுமியது, பொத்தான் அழுத்தப்பட்டது. துவாரத்தருகே முகத்தை வைத்த முத்துவீரனின் மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்தது.

“குளுருது நானா!” என்றான்.

ஞாயிறு புலர்ந்தது. கலேவெலயிலிருந்து தம்புள்ளை சுற்றிப் புறப்பட்டது வெண்தேர். பின்னாசனத்தில் பட்டுடுத்த மணமகள் கிருஷ்ணம்மா, இருபுறமும் தாய் ராசம்மாவும் மாமி சுந்தரம்மாவும். முன்னாசனத்தில், துவாயும் விசிறியும் ஏந்தி, தோல்வியை நேரில் காண வந்த மாணிக்கவாசகம். நாலந்தாவில் சோதனைச் சாவடி. எந்நாளும் அஞ்சி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டே அவர்கள் கடக்கும் இடம். இராணுவச் சிப்பாய் ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். முத்துவீரன் இறக்கினான். குனிந்து தலையை உள்ளே நீட்டிய சிப்பாயின் முகத்தில் கடுமை கரைந்தது.

“ஆ... ஹரி சீத்தலய் னே!” என்று சிங்களத்தில் அக்குளிரை மெச்சினான், கண்மூடி.

நீட்டிய தலையை அவன் வெளியே எடுக்கவில்லை. தோழர்களைக் கைகாட்டி அழைத்தான். மறு கண்ணாடி வழியே இன்னொரு தலை, பின்கதவுக் கண்ணாடி வழியே மூன்றாவது தலை. வரலாறு காணாத பொறுமையுடன் அடையாள அட்டைகள் ஒவ்வொன்றும் இருபுறமும் படிக்கப்பட்டன. பின்னே பஸ்களும் லொறிகளும் ஹோர்ன் முழக்கி ஆர்ப்பரித்தன. முத்துவீரன் அன்றுதான் முதன்முறையாக அந்த இடத்தில் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

சாவடி நீங்கிக் கண்ணாடிகள் ஏறின. சற்று நேரத்தில், விசிறியை மடியில் போட்டு, துவாயைத் தோளைச் சுற்றிப் போர்த்தியவாறு, மாணிக்கவாசகம் வாய் திறந்தான்.

“மச்சான்... கொஞ்சம் கொறைங்களேன். குளுருது.”

விண்ணவர் கேட்டனரோ! வீதியோர மிளகுக் கொடிகள் கேட்டனவோ! ஆறு நாள் போரும், பன்னிரு வளையமும், சாரம் கிழிந்த தியாகமும் ஒற்றைச் சொல்லில் கனிந்து விழக்கண்ட மாவீரன் முத்துவீரன், மார்பு விம்ம, மீசை துடிக்க, குறைக்கும் பொத்தானை நோக்கி ஒரு பேரரசன் வரம் அளிக்கும் பெருந்தன்மையோடு விரலை உயர்த்திய அவ்வேளையில், பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று எழுந்தது.

“மாமா, ஒரு மாதிரியா வருது...”

பூட்டிய காருக்குள் மல்லிகைப்பூவும் சென்ட்டும் சேர்ந்து கிருஷ்ணம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டியதால், ஏ.சி.யை நிறுத்திவிட்டு நான்கு கண்ணாடிகளையும் இறக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்.