நிச்சயதார்த்தத்தில் லத்தீன்

தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எனக்கு விக்கலை அடக்குவது மாதிரி. இந்த வியாதியால் என் அண்ணன் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். அண்ணனுக்கு நில அடமான பாங்கியில் குமாஸ்தா வேலை. நான் பஞ்சுக்கடையில் மூட்டைக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். (எட்டாவதோடு சரி.) தேரடியில் பழைய பேப்பர்காரரிடம் வாங்கிய, அட்டையில்லாத இங்கிலீஷ் அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. எந்தச் சொல் எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். எனக்குப் பைத்தியம் பிடித்ததே அங்கேதான்.

நிச்சயதார்த்தம் சங்கரன்கோவில் மேல ரத வீதியில், பெண் வீட்டில். தட்டு மாற்றப் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தகப்பனார் மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மாப்பிள்ளை ஆபீஸ் போர்டுல மார்ட்கேஜுன்னு போட்டிருக்காவளே, அது என்னது?"

அடமானம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். லத்தீனில் 'மோர்ஸ்' என்றால் சாவு, அது பிரெஞ்சுக்கு வந்து 'மார்ட்' ஆனது, 'கேஜ்' என்றால் பிணை, ஆக மொத்தம் செத்த பிணை என்றேன். யாரும் அசையவில்லை. புரியவில்லை போலும் என்று மேலும் விளக்கினேன்: கடனைக் கட்டினால் பிணை சாகும், கட்டாவிட்டால் நிலம் சாகும், எப்படியும் ஒரு சாவு உண்டு.

நல்ல காரியத்தில் நாக்கில் வரக்கூடாததை ஐந்து தரம் சொல்லிவிட்டேன். (அண்ணன் எண்ணியிருக்கிறான்.) பெண்ணின் அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பலாம் என்று அர்த்தம். அண்ணன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஏலே, இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

அப்போதுதான் உள்ளறையிலிருந்து பெண் பேசினாள். அந்தக் காலத்தில் நிச்சயத்தன்று பெண்ணின் குரலை யாரும் கேட்டதே கிடையாது.

"அத்தே, செத்தது வெள்ளக்காரன் பிணைதான? நம்மள்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலயே. தட்ட வெளிய கொண்டு போங்க."

முதலில் சிரித்தது அவள் தகப்பனார்தான். தட்டு வந்தது. கூடவே அத்தையின் நிபந்தனையும் வந்தது: கல்யாணத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. பிறவி ஊமை என்று நினைத்து, வாசுதேவநல்லூர்ப் பெரியவர் ஒருவர் எனக்குத் திருநீறு பூசி, தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் என் மதினியாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்கு நிச்சயம் என்றாலும், தட்டைக் கையில் எடுத்ததும் மதினி நேரே என்னிடம் வந்து ஒரு முழு லட்டை வாயில் வைத்துவிடுவாள்.

"மெதுவா தின்னுங்க கொழுந்தனாரே. அவுக மாத்தி முடிக்கட்டும்."