அய்யாவு நெஞ்சு பதறிய படலம்

வாழ்க அய்யாவு! மலாயாவின் பாடாங் மேஹா தோட்டத்து ரப்பர்ப் பால்மரக் கானகத்தின் கோமகன், பால்வெட்டுக் கத்தி ஏந்திய வன்கரத்தன், தலைக்கு மேலே குண்டு விமானம் பறந்தபோதும் குறட்டையை நிறுத்தாத நிலைகுலையா நெஞ்சன் வாழ்க! அந்த நெஞ்சே அவனுக்குப் பகையாகும் என்று யார் கண்டார்?

அது ஜப்பான்காரன் காலம். சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். போனவர் எவரும் திரும்பவில்லை. ரத்த அழுத்தம் மிகுந்தவரை மட்டும் விட்டுவிடுவார்கள் என்றறிந்த தோட்டத்து மருந்தாளர் டிரசர் மரியராஜ், உடற்சோதனைக்கு முதல் நாளே வந்து இரகசியம் ஓதினார்.

"அதிகாரி பக்கத்துலயே உட்கார்ந்திருப்பான், என்னால மாத்திச் சொல்ல முடியாது. மனசு பதறினா பாதரசம் தன்னால ஏறும் அண்ணே. நல்லா பயந்துகிட்டு வாங்க லா."

பயம் அவ்வீரன் பயிலாத கலை. சயாமின் காலராவையும் காட்டுப் புலியையும் எண்ணி நடுங்க முயன்றவன், எண்ணிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான். அவன் உள்ளம் உருகியதெல்லாம் ஒன்றுக்குத்தான்: மாதக்கணக்கில் கிழங்கே தின்று சலித்தவன் விறகடுக்கின் அடியில் ஒளித்திருந்த ஒரு பால்டின் அரிசி. போவதானால் அதைப் பொங்கித் தின்றுவிட்டே போவது என்பது அவன் சபதம்.

மறுநாள் மருந்துக்கொட்டகைப் போர்க்களத்தில், புயத்தில் பட்டை சுற்றி, பந்தை அமுக்கி, கண்ணாடிக் குழலுக்குள் வெள்ளிப் படையை மேலே ஏவினார் மரியராஜ். ஏறிய வேகத்தில் இறங்கியது அது. மீண்டும் ஏவினார். சேற்றில் படுத்த எருமையாய் அசைய மறுத்தது அய்யாவுவின் நெஞ்சு. அதிகாரி 'சயாம்' எனக் கை காட்டும் தறுவாயில், சன்னலோரம் தோன்றினாள் மனைவி ராக்காயி.

"ஏங்க, அந்த அரிசிய அடுத்த வீட்டு செல்லாயிக்குக் கொடுத்துட்டேன்."

அக்கணமே, அண்டம் அதிர, நரம்பெல்லாம் முறுக்கேற, தீமிதித் திருவிழாத் தப்புமேளமாய் நெஞ்சு கொட்டி முழங்க, வியர்வை வெள்ளம் பெருக, மூன்றாம் முறை ஏவப்பட்ட பாதரசப் பெரும்படை உயரத்தில் ஏறி நின்று இறங்க மறுத்தது! இவன் வழியிலேயே செத்துப்போவான் என்று அதிகாரி தள்ளிவிட்டான்.

வெற்றி வாகை சூடி வீடு திரும்பிய வேந்தன், பொய்யொன்று உரைத்துப் பதியுயிர் மீட்ட பொற்கொடியைப் புகழ்ந்து பாடி, உலை வைக்குமாறு ஆணையிட்டான்.

"பொய் இல்லீங்க," என்றாள் ராக்காயி. "அவ புருசன் குழந்தைவேலு அண்ணன் சயாமுக்குப் போனதிலேருந்து செல்லாயி வீட்டுல அடுப்பே எரியல. பச்சப்புள்ளக்காரி."

விறகடுக்கைப் பிரித்துப் பார்க்கப் போன அய்யாவு பாதியில் நின்றான். இதே மருந்துக்கொட்டகையில் குழந்தைவேலுவின் நெஞ்சு பதறாமல் போன நாள் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அன்றைக்கும் கிழங்குதான்.