சாம்பார் முன்னால், மோர் பின்னால்

ஒரு விளையாட்டை எப்படி ஆடவேண்டும் என்பது, அதை ஒருநாளும் ஆடாதவர்களுக்குத்தான் மிகத் தெளிவாகத் தெரியும். எனக்கு ரக்பி அப்படித்தான் தெரியும். திருச்சியில் படித்த காலத்தில் நான் ஆடிய ஒரே ஆட்டம் கோ-கோ. அதிலும் முதல் நாளே கணுக்கால் பிசகி, மீதி வருடம் முழுக்க மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருந்தேன். அப்பேர்ப்பட்ட நான், ஆக்லாந்துக்குக் குடிவந்து பல வருடம் கழித்து, ஒரு ரக்பி அணிக்கு வியூகம் வகுத்துக் கொடுத்தேன். அதன் பலனை அரைமணி நேரத்துக்குள் அனுபவித்தேன்.

இங்கே உயர்நிலைப் பள்ளியைத்தான் காலேஜ் என்பார்கள். என் மகள் நிலாவுக்கு அப்போது பதினாறு வயது. அவளுடைய காலேஜில் பெண்கள் ரக்பி அணி என்று ஒன்று இருந்தது, அதில் சேர்ந்துவிட்டாள். ஒரு வாரத்தில் பல் உடைந்து திரும்பி வருவாள், அப்புறம் வீணை கிளாசுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன். பல் உடையவில்லை. எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போய் சைகையில் பேசினேன்.

பைத்தியம் பிடிக்கக் காரணம் இருந்தது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு ட்ரை என்று பெயர், ஐந்து புள்ளி. அந்த சீசனில் அதுவரை எங்கள் பெண்கள் ஒரு ட்ரைகூட வைக்கவில்லை. தடுப்பாட்டம் பரவாயில்லை. தாக்குதல் என்று வந்தால் பார்க்கச் சகிக்காது. கோச் மெரேவிடம் மொத்தமே ஒரு திட்டம்தான். பந்து கிடைத்தால் லோசேயிடம் கொடு. லோசே டோங்கா நாட்டுப் பெண், ஆறடி. நேராக ஓடி மூன்று பேர்மீது மோதி விழுவாள். எழுந்ததும் மறுபடி லோசே. மறுபடி மோதல். மூன்றாவது முறை பந்தைத் தூர உதைத்துவிட வேண்டும். அதை எதிரணி எடுத்துக்கொண்டு வந்து ட்ரை வைக்கும்.

நான் பென்ரோஸில் ஒரு கிடங்கில் எந்த லாரி எந்த வழியில் போகவேண்டும் என்று திட்டம் போடுகிற வேலையில் இருந்தேன். நாற்பது லாரியையும் ஒரே ரோட்டில் அனுப்பினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த அம்மாள் சீசன் முழுக்க ஒரே லாரியை ஒரே சுவரில் மோதவிட்டுக்கொண்டிருக்கிறாரே என்று வயிறு எரிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? (இருந்திருந்தால் இந்தக் கட்டுரை ஏது!)

"இந்தப் பக்கம் ஆளே இல்ல, கண்ணு தெரியலையா? அங்க குடுங்கடி!" என்று தமிழிலும், "வைட்! வைட்!" என்று ஆங்கிலத்திலும் கத்துவேன். என் கணவர் சேகர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மெல்ல நாலு குடும்பம் தள்ளிப் போய் நிற்பார்.

"ஏங்க, அங்க ஏன் போறீங்க?"

"இங்க காத்து ஜாஸ்தியா இருக்கு வித்யா."

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் நான் பிடித்துக்கொண்டது லைன்அவுட்டை. பந்து மைதானத்துக்கு வெளியே போனால், இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசையாக நிற்கும். ஒருத்தி நடுவில் பந்தை எறிவாள். எங்கள் அணியில் அது நிலா. வரிசையில் ஒருத்தியை மற்ற இருவர் அலாக்காகத் தூக்க, அவள் எட்டிப் பிடிப்பாள். முன்னால் நிற்பவளா, நடுவில் இருப்பவளா, கடைசியில் இருப்பவளா என்பது எறிவதற்கு முன் கூவுகிற ரகசியச் சொல்லில் இருக்கிறது. கோச் வைத்திருந்த ரகசியம்: சிவப்பு, நீலம், பச்சை. மூன்றாவது ஆட்டத்திலேயே நாங்கள் இருக்கும் நார்த் ஷோர் பகுதி முழுக்க அது தெரிந்துவிட்டது. நிலா "பச்சை" என்று வாய் திறக்கும்போதே எதிரணிப் பெண் கடைசியில் அந்தரத்தில் இருப்பாள்.

ஆட்டம் முடிந்ததும் கோச்சிடம் நேராகப் போய், "இது ரகசியமா, டிராஃபிக் லைட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

மெரே நிதானமான பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்ககிட்ட வேற யோசனை இருக்கா?" என்று கேட்டார். (ஆங்கிலத்தில்தான். அந்தக் குரலில் இருந்த களைப்பைத் தமிழில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.) அப்போதுதான் ஒன்று சொன்னார். அடுத்த வாரம் கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் இந்த அணியைக் கலைத்து, அடுத்த வருடம் வேறு காலேஜ் அணியோடு சேர்த்துவிடுவார்களாம். எங்கள் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கே இடம் கிடைக்காது.

கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். நான் பயப்படவில்லை. "தமிழ்ல வெச்சுக்கலாம். இந்த ஆல்பனியில யாருக்குத் தமிழ் தெரியும்?" என்றேன்.

நிலா முகத்தை மூடிக்கொண்டாள். "ஓ மை காட், அம்மா."

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு, வேலையிலிருந்து சீக்கிரமே கிளம்பி, பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். கையில் மூன்று பாத்திரங்கள். தெற்கே புக்கெகோஹி என்ற ஊரில் விளைகிற வெங்காயம் போட்ட சாம்பார், ரசம், மோர். "எங்க ஊர்ல சோத்துக்கு முதல்ல சாம்பார், நடுவுல ரசம், கடைசியில மோர். சாம்பார்னா முன்னாடி. ரசம்னா நடு. மோர்னா பின்னாடி" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். பெண்கள் ஆளுக்கொரு தட்டு சோறு சாப்பிட்டார்கள். லோசே மூன்று தட்டு. அரைமணி நேரத்தில் எல்லாருக்கும் பாடம் ஏறிவிட்டது. மெரேகூட ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, "நாட் பேட்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது, தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தால் பென்ரோஸ் வேலையை எப்படி விடுவது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

சனிக்கிழமை. தூறல், சேறு, எலும்பில் குத்துகிற காற்று. முதல் லைன்அவுட். நிலா பந்தைத் தலைக்குமேல் தூக்கி, "சாம்பார்!" என்று கூவினாள். என் ரோமம் சிலிர்த்தது. முன்னால் லோசேயைத் தூக்கினார்கள், பிடித்துவிட்டாள். எதிரணிப் பெண்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். சேகர் நாலு குடும்பம் தாண்டித் திரும்பி வந்து, என் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அடுத்தது "மோர்!"

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். நிலாவுக்குத் தமிழ் உச்சரிப்பு போதாது. அவள் கூவியது, இன்னும் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கிற அந்த 'மோர்' மாதிரியே இருந்தது. எங்கள் பக்கத்துப் பெற்றோர் எல்லாரும் பெண்கள் உற்சாகம் கேட்கிறார்கள் என்று நினைத்து, "மோர்! மோர்! மோர்!" என்று கைதட்ட ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த லைன்அவுட்டில் நிலா "ரசம்" என்று கூவியது யார் காதிலும் விழவில்லை. மோர் என்று நினைத்துப் பின்னால் நின்ற பெண்ணைத் தூக்கிவிட்டார்கள். பந்து நடுவில், எதிரணிப் பெண்ணின் கையில் பூப்போல விழுந்தது. அவள் ஓடி ட்ரை வைத்தாள்.

"கத்தாதீங்க! அது மோர்! பட்டர்மில்க்!" என்று நான் அலறினேன். ஒரு தாத்தா எனக்குப் பசி என்று நினைத்து பாதி சாசேஜை நீட்டினார்.

சரி, இதைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்து, நிலா மறுபடி "மோர்" என்று கூவிய நேரத்தில்தான், மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றின் அந்தக் கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பிள்ளை! மோர் எண்டால் கடைசி! பின்னுக்குப் போ, பின்னுக்கு!"

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. சிவப்புக் குடையின் கீழ் ஒரு அம்மாள். எதிரணியில் ஒரு பெண் சட்டென்று பின்னால் ஓடினாள், அவளைத் தூக்கினார்கள், பந்து அவள் கைக்குப் போனது. இரண்டாவது ட்ரை. அடுத்து நிலா "சாம்பார்" என்றதும், "முன்னுக்கு, றோஷானி, முன்னுக்கு!" மூன்றாவது ட்ரை.

சேகர் பிளாஸ்கைக் கையில் எடுத்தார்.

இடைவேளையில் பதினைந்துக்கு சைபர். நிலா சேறு வழிகிற முகத்தோடு என்னிடம் வந்தாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக, தமிழில், "ஏம்மா இப்படிப் பண்ண?" என்றாள். அவள் என்னோடு தமிழில் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

நேரே மெரேவிடம் போனேன். "தப்பு என்னுது. பழைய கலரையே வெச்சுக்குங்க. இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்றேன். வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்ன முதல் தடவை அது. (கடைசித் தடவையும் அதுதான் என்கிறார் சேகர்.)

மெரே சிவப்புக் குடையைப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு எல்லாம் புரியுதா?"

"எல்லாமே."

"அவங்க சொல்றத அவங்க டீம் நம்புதா?"

"அப்படியே."

மெரே சிரித்தார். சீசன் முழுக்க அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பெண்களைக் கூப்பிட்டு வரிசையைத் தலைகீழாக்கினார். சாம்பார் பின்னால், மோர் முன்னால். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இந்தக் கயிறு ஓரமா நடந்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் 'மோர்'னு கத்த வேண்டாம்னு சொல்லணும்" என்றார். சொன்னேன். ஐம்பது அறுபது பேரிடம், மழையில், மோர் என்பது தயிரைக் கடைந்து நீர் விட்டது என்று விளக்கிக்கொண்டே போனேன். கயிறு முடிந்த இடத்தில் சிவப்புக் குடை நின்றது.

"தமிழோ?" என்றார் அந்த அம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக. "நான் பிலோமினா. மன்னார். அங்க நிக்கிறது என்ர மகள் றோஷானி. உங்கட பிள்ளையோ எறியிறது? வடிவா எறியுது."

இவ்வளவு நல்ல மனுஷியை நான் இருபது நிமிடமாகச் சபித்துக்கொண்டிருந்தேன். "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் பாதியில் முதல் லைன்அவுட். "மோர்!" எங்கள் பக்கம் ஒரே அமைதி. பிலோமினா அக்கா என் காதருகே, "பின்னுக்கு!" என்று முழங்கினார். எதிரணி மொத்தமும் பின்னால் பாய்ந்தது. பந்து முன்னால் லோசேயின் கையில். மற்ற பெண்கள் அவளைச் சுற்றிக் கட்டிப்பிடித்துத் தள்ள, கோட்டைத் தாண்டி மலைபோல் விழுந்தாள். ட்ரை! சீசனின் முதல் ட்ரை! ட்ரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் கிடைக்கிற இரண்டு புள்ளியும் வந்தது. நான் யாரையோ கட்டிக்கொண்டு குதித்தேன். பார்த்தால் பிலோமினா அக்கா.

"அது பிழைச்சுப்போச்சு" என்றார் அவர் யோசனையாக.

அடுத்து "சாம்பார்!" அக்கா "முன்னுக்கு!" என்றார். பந்து பின்னால் போய், இரண்டாவது ட்ரை. பதினைந்துக்குப் பன்னிரண்டு. அக்கா குடையைத் தாழ்த்தி என்னை நேராகப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட ஊரில சாம்பார் கடைசியாவோ சாப்பிடுறது?"

"எங்க வீட்ல அப்படித்தாங்க்கா" என்றேன். முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"ஓமோ? பொய் கதைக்கக் கூடாது." மைதானத்தைப் பார்த்துக் கைகளைக் குவித்தார். "றோஷானி! மாத்திப் போட்டாங்கள்! எல்லாம் தலைகீழ்!"

அதோடு அந்தத் தந்திரமும் தீர்ந்தது. கடைசி நிமிடம். எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு லைன்அவுட். மூன்று புள்ளி வித்தியாசம். சாம்பார் என்றாலும் தெரியும், மோர் என்றாலும் தெரியும். ரசம் எப்போதுமே நடுதான். நிலா பந்தைப் பிடித்தபடி நின்றாள். மெரேயைப் பார்த்தாள், அவர் உன் இஷ்டம் என்பதுபோல் கையை விரித்தார். நிலா என்னைப் பார்த்தாள். நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தேன். அவள் பந்தை உயர்த்தினாள்.

"பாயசம்!"

பயிற்சியில் இந்தச் சொல்லே கிடையாது. எங்கள் பெண்களே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பிலோமினா அக்கா ஒரு கணம்தான் யோசித்தார். "பாயாசம் எண்டால் சாப்பிட்டு முடியத்தான்! கடைசி! பின்னுக்கு, எல்லாரும் பின்னுக்கு!"

எதிரணி முழுவதும் பின்னால் குவிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் பொங்கலன்று இலை போட்டதும், சோறு வருவதற்கு முன், இலை ஓரத்தில் முதலில் விழுவது ஒரு கரண்டி பாயசம். இது அந்த மைதானத்தில் நான்கே பேருக்குத் தெரியும். நான், சேகர், நிலா. நான்காவது ஆள், அந்த ஜனவரி விடுமுறையில் எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டு, அந்த முதல் கரண்டியை மட்டும் நான்கு தடவை கேட்டு வாங்கிய லோசே.

லோசேயை யாரும் தூக்கக்கூட இல்லை. வரிசையின் முன்னால் தனியாக நின்று, தரையிலிருந்தபடியே பந்தைப் பிடித்து, ஓடி வந்த நிலாவிடம் கொடுத்தாள். நிலா கோட்டோரமாகப் பறந்தாள். றோஷானி பாய்ந்து அவள் காலைப் பிடித்தாள். பிடித்தபோது நிலா பாதி கோட்டுக்கு அப்பால் இருந்தாள். விழுந்த வேகத்தில் பந்தைச் சேற்றில் புதைத்தாள்.

பதினேழுக்குப் பதினைந்து. விசில்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாக நினைவில்லை. கயிற்றைத் தாண்டி ஓடினேன், வழுக்கி உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் போனேன். சேகர் பிளாஸ்கை எங்கோ எறிந்துவிட்டு விசில் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெண்கள் நிலாவைத் தூக்கிக்கொண்டு "பாயசம்! பாயசம்!" என்று ஆடினார்கள். மெரே வந்து என் தோளில் கைவைத்து, "அடுத்த வருஷம் டீம் இருக்கு. நீங்க சமைக்கிறதோட நிறுத்திக்கணும்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

இப்போது நிலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். அந்த காலேஜ் அணி இன்றும் "சாம்பார்", "ரசம்" என்றுதான் கூவுகிறது. அவற்றை வாயில் வைத்தே பார்க்காத பெண்களும் கூவுகிறார்கள். பிலோமினா அக்கா குடும்பமும் நாங்களும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவர்கள் வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். கோழிக்கறி, இறால், சொதி என்று மேசை நிறைந்திருக்கும். ஆனால் அக்கா அதையெல்லாம் யாரும் தொட விடமாட்டார். முதலில் ஒரு கிண்ணம் பாயசத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்.

"எதுக்கும் முன்னுக்கே வைக்கிறன் தங்கச்சி. பிறகு நீங்கள் வெண்டிட்டுப் போயிடுவியள்."