தடுப்பூசிக் கூட்டத்தில் நான் மைக் பிடித்த கதை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இங்கே என் தொண்டையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். தொண்டை போன கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் பெண் வாலு படிக்கிற பள்ளியில் தட்டம்மை பரவியது உங்களுக்குத் தெரியும். தடுப்பூசி போடாத பிள்ளைகளை இனி வகுப்பில் சேர்ப்பதில்லை என்று விதி கொண்டுவரலாமா என்று கேட்க, பெற்றோர் கூட்டம் போட்டார்கள். மைக் செட் நம் கடையுடையதுதான். வாலுவுக்கு எல்லா ஊசியையும் என் மனைவி எப்போதோ போட்டுவிட்டாள் என்றாலும், ஊசி சரி, கட்டாயம்தான் தப்பு என்பது நம் கட்சி அல்லவா? "கட்டாயம்ங்கிற வார்த்தையையே ஒத்துக்காதே, எழுந்து நின்னு பேசு" என்று நீங்கள் போனில் உருவேற்றியதையெல்லாம் வழி நெடுக ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பேசிக் காட்டிக்கொண்டே வண்டியை ஓட்டிப்போனேன்.

கூட்டம் நடந்தது பிள்ளைகள் சாப்பிடுகிற கூடத்தில். குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பேசிய டாக்டர் தனக்குள்ளேயே பேசிக்கொள்கிற மாதிரி பேசினார், சரி என்று சத்தத்தைக் கூட்டினேன், அந்த நேரம் பார்த்து அவர் இருமித் தொலைக்க, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அடுத்து உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் எழுந்து, தன் பையன் உடம்பில் எந்த நோயும் ஒட்டாது என்று தன் கையை மடக்கிக் காட்டினார். மருந்துக் கடைக்காரர் ஊசி அவசியம் என்றதும், உனக்கு வியாபாரம் என்று யாரோ சொல்ல, ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள், எனக்குப் பஞ்சுகூட விற்காது என்று அவர் சண்டைக்குப் போனார். பிறகு தையல்காரம்மா ஒருவர், மூத்தவனுக்கு ஊசி போட்ட அன்று காய்ச்சல் ஏறி வலிப்பு வந்ததைச் சொல்லி, சின்னவனை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றார். யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் மைக்கை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதலில் பரிசோதனை செய்வோம், ஊசி கூடாது என்றால் அந்தப் பிள்ளைக்கு விலக்கு உண்டு, யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

அடுத்து என் முறை. மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன் அத்தான், அதற்குள் பின்வரிசையிலிருந்து பஸ் கண்டக்டர் அம்மா எழுந்து முன்னால் வந்தார். வாலுவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்ச நாளாகப் பள்ளிக்கு வராமல் இருக்கிற சிநேகிதி சுண்டெலியின் அம்மா. பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல், என் பிழைப்பைக் கெடுக்கிற குரல், அன்றைக்கு அது பாதியாகத்தான் வந்தது.

"என் பொண்ணுக்கு ரத்தத்துல நோய். மருந்து ஏத்திக்கிட்டிருக்காங்க. இந்த ஊசியை அவளுக்கு இப்போ போடக்கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். கூட இருக்கற பிள்ளைங்க போட்டுக்கிட்டாத்தான் அவ பள்ளிக்கூடம் வர முடியும். கட்டாயம்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு உரிமை இருக்கான்னு தெரியலை. கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான், போய் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சில் பாதி இடத்துக்கு வாலு தன் பையை வைத்துக்கொண்டு யாரையும் உட்காரவிட மாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் புகார் சொல்லியிருந்தார். யாருக்காக அந்த இடம் என்று அப்போதுதான் உறைத்தது. நீங்கள் உருவேற்றியதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. கண் கலங்கியதை மறைக்க, வயரைச் சரிசெய்கிற மாதிரி ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன். பிறகு நிமிர்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு பேசினேன். என் பிள்ளை என் உரிமை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான், ஆனால் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்களே, அங்கே என்னுடையது உன்னுடையது என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டேன். கையில் மைக் இருப்பதையே மறந்து கத்தியதில்தான் தொண்டை போனது. கண்ணைத் திறந்தால், கூடம் முழுக்கக் கைகள்! உடற்பயிற்சிக்காரரின் பெரிய கையும் அதில் ஒன்று. தையல்காரம்மாவும் தூக்கியிருந்தார். விலக்கோடு சேர்த்து விதி நிறைவேறிவிட்டது. வெளியே வரும்போது கண்டக்டர் அம்மா, "ரொம்ப நன்றிண்ணே" என்று கைகூப்பினார். ஒரு கூட்டத்தையே என் பேச்சு திருப்பிவிட்டது, அத்தான். உங்கள் கட்சிக்கு எதிராகத் திருப்பியதற்கு மன்னிக்கவும்.

அடுத்த வாரம் பள்ளியிலேயே நர்சுகள் வந்து ஊசி போடுகிறார்கள். அதற்குப் பிறகு சில வாரம் பார்த்துச் சுண்டெலியை அனுப்பலாம் என்று அவளுடைய டாக்டர் சொல்லியிருக்கிறாராம். வாலு இப்போதே பையைப் பெஞ்சுக்கடியில் வைத்துப் பழகுகிறாள்.

அக்காவுக்கு என் அன்பு. நீங்கள் முதலில் கோபப்பட்டு முடித்துவிட்டு, பிறகு நிதானமாக எங்களை ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி இதைப் படித்துவிட்டாள். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்திருந்தபோதே தலைமையாசிரியை ஓட்டுக் கேட்டு, எல்லோரும் கை தூக்கிவிட்டார்களாம். நான் பேசிய நேரம் முழுக்க அவர் தூக்கிய கைகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். கண்டக்டர் அம்மா நன்றி சொன்னது, வழியை மறித்த ஸ்பீக்கர் பெட்டியை நகர்த்தியதற்காம். ஆனால் பேச்சு வேகத்தில் நானும் கையை வீசியதால், என்னையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்களாம். எனக்கு அது போதும்.