நாலு கட்டு மிலாறும் பிணைப்புச் சக்தியும்

எனக்கு இரசாயனம் தெரியும். பெருமையாகச் சொல்லவில்லை. பிடிபட்டவன் ஒப்புக்கொள்கிற குரலில் சொல்கிறேன்.

முதலில் பாடம். ஐதரசனில் இரண்டு அணுக்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மூல் ஐதரசனில் அந்தப் பிடியை விடுவிக்க 436 கிலோயூல் சக்தி கொடுக்க வேண்டும். குளோரினுக்கு 243. பிரிந்தவை ஐதரசன் குளோரைட்டாகச் சேரும்போது 862 திரும்பி வரும். கொடுத்ததைக் கழித்தால் 183. அது சூடாக வெளியே வரும். பிரிக்க நாம் கொடுக்க வேண்டும், சேரும்போது அது தரும். இதைவிட அழகாக நான் எந்தக் கவிதையிலும் எழுதியதில்லை. (எழுதிய மற்றதையும் யாரும் வாசித்ததில்லை, அது வேறு கதை.)

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஆசிரியர் நியமனம் கிடைத்த சூட்டில், இந்த அழகை உலகத்துக்குப் பயன்படுத்தத் துடித்துக்கொண்டிருந்தேன். உலகம் கிடைக்கவில்லை. மூத்த அக்கா மகள் கோகிலாவின் கல்யாணம் கிடைத்தது.

கல்யாணம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், அக்கா குடியிருந்த லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். மாப்பிள்ளை வீட்டார் பண்டாரவளையில் கடை வைத்திருப்பவர்கள். தோட்டத்துப் பெண்ணுக்குச் சம்மதிக்க ஒரு வருஷம் யோசித்தவர்கள். "லயத்துச் சோறு நமக்கு ஒத்துக்குமா?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டது அக்கா காதுவரை வந்திருந்தது. பந்தி பிசகினால் கோகிலா அந்தக் கேள்வியை ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அப்பேர்ப்பட்ட பந்தியைத் தாய்மாமனான என் பொறுப்பில் விட்டார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கல்யாண வீட்டுக்கு லயத்தில் வீட்டுக்கு ஒரு கட்டு மிலாறு வரும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற கிளைகள்தான் மிலாறு, எங்கள் விறகு. இருபத்துநாலு வீடு, இருபத்துநாலு கட்டு. யாரும் எண்ணிக் கேட்பதில்லை, தானாக வரும்.

நான் எண்ணினேன். விறகை செலுலோசு என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிணைப்பாக உடைத்து, காபனீரொட்சைட்டும் நீராவியுமாகச் சேர்த்து, வெளிவரும் வெப்பத்தைக் கண்டுபிடித்தேன். முந்நூறு பேருக்குச் சோறும் கறியும் கொதிக்கத் தேவையான வெப்பத்தால் வகுத்தேன். ஒரு கட்டே போதும் என்று வந்தது. பெருந்தன்மையோடு நாலாக வைத்துக்கொண்டேன்.

முதல்நாள் பின்னேரம் மிலாறோடு வந்தவர்களில் முதல் நாலு பேரை வரவேற்று, மிச்சப் பேரைக் கும்பிட்டு அனுப்பினேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்லம்மா அக்கா கட்டைத் தலையிலிருந்து இறக்கவே இல்லை.

"வேணாமா?"

"கணக்குப்படி தேவையில்லைங்க அக்கா."

"யார் கணக்கு?"

"பிணைப்புச் சக்திக் கணக்கு."

அவர் தலையிலிருந்த கட்டை நேராக்கிக்கொண்டார். "சரிங்க மாஸ்டர்," என்று திரும்பிப் போனார். அவருக்குப் பின்னால் பத்தொன்பது கட்டுகள் திரும்பிப் போயின. அந்தியில் அது ஒரு சின்னக் காடு நடந்து போவது போல இருந்தது. நான் அதை ரசித்தேன் (கவிஞனாம்).

விடிந்ததும் தூறல். எட்டரைக்கு, சமையல்கார முத்தையா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, மிலாறு முடிஞ்சிருச்சு. அரிசி இன்னும் அரிசியாவே இருக்கு."

"அதெப்படிண்ணே? வெப்பம் போதுமே."

"போதும்தான். பாதி, மிலாறுல இருந்த ஈரத்தைக் காயவைக்கப் போச்சு. மீதி மேல போச்சு."

அண்ணாந்து பார்த்தேன். மூன்று கல் அடுப்பு. மேலே வானம். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

செல்லம்மா அக்கா வாசலுக்கு ஓடினேன். பட்டுச் சேலை கட்டிக் கல்யாணத்துக்குப் புறப்பட்டு நின்றார்.

"அக்கா, அந்தக் கட்டு..."

"இருக்கு. ஆனா வேணாம்னு திருப்பி அனுப்புனதைச் சும்மா வந்து கேட்டா எப்படிங்க? முறையா வந்து கேளுங்க."

முறை என்றால் தட்டு, வெற்றிலை, பாக்கு, குங்குமம். அப்படியே இருபது வாசலுக்கும் போனேன். விறகுக்கு வெற்றிலை வைத்து அழைப்புக் கொடுத்த தாய்மாமன் ஊவா மாகாணத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. கொடுக்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அத்தனை பேரும் உட்காரச் சொன்னார்கள். இரண்டு வீட்டில் தேத்தண்ணி. "குடிக்காமப் போனா சூடு வெளிய வராது மாஸ்டர்," என்றார் ஒருவர். கணக்கு அதற்குள் லயம் முழுக்கப் பரவியிருந்தது.

பதினாலாவது வீட்டில் நிற்கும்போது கெட்டிமேளம் கேட்டது. தலையில் கட்டோடு ஓடினேன். தாலி ஏறிவிட்டிருந்தது. கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் வாசல் தெரியும், வாசலில் ஒரு மிலாறுக் கட்டு தெரியும், அதன் கீழே இரண்டு கால். அந்தக் கால் நான்.

பந்தி இரண்டரைக்குத்தான் தொடங்கியது. சோற்றில் புகை வாசம். என் அக்கா பயத்தில் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா இரண்டாவது தடவை சோறு வாங்கினார். பசி. ஆனால் கோகிலா வீட்டில் அதை இன்றுவரை "பெரியம்மா ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாங்க" என்றுதான் சொல்கிறார்கள். தப்பித்தோம். நான் மட்டும் தப்பவில்லை.

கோகிலாவின் மகள் துர்கா இப்போது உயர்தரம் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் பண்டாரவளையிலிருந்து பஸ் ஏறி, பதுளையில் என்னிடம் இரசாயனம் படிக்க வருவாள். போன மாதம் இரண்டு கிழமை ஆளைக் காணவில்லை. போன் எடுத்தேன்.

"காய்ச்சலாம்மா?"

"இல்ல தாத்தா." (நாற்பத்தாறு வயதில் முறைப்படி தாத்தா.) "சக்தியியல் பாடம் முடியிற வரைக்கும் உங்ககிட்டப் போகக்கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு. அதுக்கு மட்டும் இங்க வேற ஒரு சேர்கிட்டப் படிக்கிறேன்."

"நல்லாச் சொல்லிக் குடுக்குறாரா?"

"ரொம்ப நல்லா." குரலைத் தாழ்த்தினாள். "அவரு உங்ககிட்டப் படிச்சவராம் தாத்தா. அம்மாவுக்கு இன்னும் தெரியாது."