தளர்த்திக் கட்டவும்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவும் நானும் சௌக்கியம். படகும் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நேராக நிற்கிறது. உன் முதுகுவலி தேவலையா? நீ உடனே புறப்பட்டு வந்து உன் அக்காவைச் சமாதானப்படுத்த வேண்டும்.

ரிட்டயர் ஆன கையோடு நான் வாங்கிய படகில் நாங்கள் கால்வாய் நெடுகப் போய்க்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். நேற்றுக் காலை இரண்டு லாக்குகளுக்கு நடுவே கரையோரம் நிறுத்தினோம். லாக் என்றால் முன்னும் பின்னும் கதவு வைத்த பெரிய தொட்டி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அனுப்புவார்கள். கட்டினவர்கள் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும் அந்தக் கதவுகள் இன்னும் முனகிக்கொண்டு வேலை செய்கின்றன. கரையில் ஒரு போர்டு: 'தண்ணீர் ஏறி இறங்கும் இடம். கயிற்றைத் தளர்த்திக் கட்டவும்.' உன் அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். "அது முடிச்சுப் போடத் தெரியாதவங்களுக்கு" என்று சொல்லிவிட்டேன். பார்சல் ஆபீஸில் என் முடிச்சைப் பிரித்த ஆள் உண்டா? இழுத்துக் கட்டினேன் பார், படகு இம்மி அசையவில்லை. நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

மத்தியானம் கீழ் லாக் வழியாக வரிசையாகப் படகுகள் இறங்கின. ஒவ்வொன்றும் எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. தண்ணீர் இறங்கிவிட்டது, எங்கள் படகு இறங்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து கயிற்றில் தொங்கியது. அடுப்படியிலிருந்து உன் அக்கா பால் பாத்திரத்தோடு வழுக்கிக்கொண்டு வந்து என் மேல் விழுந்தாள். பாலில் நனைந்தபடியே கரைக்குத் தாவி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அது என் முடிச்சாயிற்றே, அசையுமா? "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று படகிலிருந்தே காய்கறிக் கத்தியால் இரண்டு கயிற்றையும் அறுத்துவிட்டாள். படகு தொபீரென்று விழுந்து, அவளோடு லாக் கதவைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. கரையில் நான், கையில் கயிற்று நுனி. எனக்கு உயிரே போய்விட்டது மச்சான். கத்திக்கொண்டே ஓடினேன். ஒருநாளும் சுக்கானைத் தொடாதவள் அதைப் பிடித்துக்கொண்டு, "கத்தாதீங்க! எந்தப் பக்கம் திருப்பணும், அதைச் சொல்லுங்க!" என்றாள். வலது பக்கம் என்றேன். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் அல்லவா, இடது பக்கம் திருப்பினாள். படகு பூப்போலக் கரையில் ஒதுங்கியது.

அதற்குப் பிறகு அவள் பேசியது இவ்வளவுதான்: "தம்பிக்கு எழுதிப் போடுங்க, வரச் சொல்லுங்க." உன்னோடு வீட்டுக்கே கிளம்பிவிடுவாளோ என்று பயப்படுகிறேன். படகு ஆசை என்னுடையதுதான். ஆனால் அவள் இல்லாமல் இந்தப் படகு எனக்கு எதற்கு? அவள் போகிறேன் என்றால் இதை விற்றுவிட்டு நானும் பின்னாலேயே வந்துவிடுவேன். நான் இப்படிச் சொன்னதாக மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் மனைவியை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பால் வாசனை இன்னும் போகாத
உன் அக்கா வீட்டுக்காரன்

பி.கு.: என் முதுகுக்குப் பின்னால் நின்று உன் அக்கா முழுவதையும் படித்துவிட்டாள். "யாரு வீட்டுக்குப் போறேன்னது? இனிமே சுக்கான் எங்கிட்ட. கயிறு கட்ட ஒரு ஆள் வேணும், அதுக்குத்தான் தம்பியைக் கூப்பிட்டேன்" என்கிறாள். எனக்கு டீ போடும் வேலையாம். ஆகவே சமாதானமெல்லாம் பேச வேண்டாம். நீளமான கயிறாக வாங்கிக்கொண்டு, முதுகுவலியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. இந்தக் கவரை ஒட்டப்போவதும் அவள்தான். நான் ஒட்டினால் உன்னால் பிரிக்க முடியாதாம்.